கவிழ்த்துச் சுட்ட கிண்ணங்கள்

உட்புறமும் வாய்விளிம்பும் கருத்து, வெளிப்புறம் சிவந்த கிண்ணங்கள் ஒருவழியாக என் சூளையிலிருந்து முழுதாக வெளிவந்துவிட்டன. அவற்றுள் நன்றாக அமைந்த ஒன்றின் வாய் அகலம் 16.5 செ.மீ., உயரம் 8 செ.மீ., எடை 612 கிராம். கீழடி அருங்காட்சியகத்தில் கருப்பு-சிவப்புக் கலங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த நிற அமைப்பு பழக்கமானதுதான். ஒரே பானையில் இரண்டு நிறம் எப்படி வந்தது என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் "கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள்" என்று ஒரே வரியில் விடை சொல்லி வந்தேன். அந்த ஒரு வரிக்குள் எத்தனை வேலை அடங்கியிருக்கிறது என்பதைச் செய்து பார்த்த பிறகே அறிந்தேன். இதைச் செய்ய விரும்பும் வேறு யாருக்கேனும் உதவும் என்பதால் மண்ணிலிருந்து சூளை வரை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு சிலைமானில் இருக்கிறது. கீழடி மிக அருகில். 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் இராமகிருஷ்ணா தலைமையில் அங்கே அகழாய்வு தொடங்கியது. நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை அதனைத் தொடர்ந்தது. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 என்று கரிமப் பகுப்பாய்வில் தெரியவந்ததை 2019இல் வெளியான அறிக்கை சொல்கிறது. நூல் நூற்கும் தக்களி, எலும்புக் கருவி, விளையாட்டுக் காய், சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணறு என்று அங்கே கிடைத்தவை பலவகையானவை. ஆனால், குழிக்குள் எங்கு பார்த்தாலும் கிடப்பது பானை ஓடுதான். நாகரிகத்துக்கு அடித்தளமிட்ட கண்டுபிடிப்புகளில் ஏதேனும் ஒன்றைக் கையால் செய்து பார்க்க வேண்டுமானால் அது பானையாகவே இருக்கட்டும் என்று முடிவெடுத்ததற்கு இதுவே காரணம்.

மண்ணும் அறிவுரையும் மானாமதுரையிலிருந்து வந்தன. கடம் என்னும் தாளக் கருவிக்குப் பெயர்பெற்ற அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சக்கரம் சுற்றும் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் 30 கிலோ கண்மாய் மண்ணை 300 ரூபாய்க்குக் கொடுத்தார். மணல் கலந்து மிதித்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்று அவர் சொல்லியனுப்பினார். மணல் கலக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம் என்று, சிறு பங்கை மட்டும் தனியே எடுத்து, கரம்பையாகவே பிசைந்து வைத்தேன். 12 செ.மீ. நீளத்தில் மண் பட்டைகள் செய்து, ஒவ்வொன்றிலும் சரியாக 10 செ.மீ. அளவுக்கு ஒரு கோடு கீறி, காய்ந்த பிறகு அந்தக் கோட்டை அளப்பதுதான் சோதனை. கரம்பை மட்டும் உள்ள பட்டையில் கோடு 8.9 செ.மீ. ஆகச் சுருங்கி, பட்டையே வில்லாக வளைந்துவிட்டது. நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல் கலந்ததில் 9.3 செ.மீ. நின்றது, வளைவு இல்லை. இந்த இரண்டாவது பட்டை சூளைக்குப் பிறகு 9.15 ஆயிற்று. ஆகவே, 16.5 செ.மீ. வாய் வேண்டுமானால் ஈரத்தில் 18 செ.மீ. வைக்க வேண்டும். இந்தக் கணக்கு கையில் இருந்தால் மூடிக்கும் பானைக்கும் பொருத்தம் பார்ப்பது எளிது.

மணலுக்கு வீடு கட்டியபோது மிஞ்சிக் கிடந்ததை மாவுச் சல்லடையில் சலித்துக்கொண்டேன். பெரியவரின் மனைவி மண் மிதிப்பதை நேரில் காட்டினார். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் குதிகாலால் அழுத்தி அழுத்திச் சுற்றி வர வேண்டும். சிறு கல் இருந்தால் கால் அதைக் கண்டுபிடித்துவிடும், கை கண்டுபிடிக்காது. மிதித்த மண்ணைக் கம்பியால் அறுத்து, வெட்டுமுகத்தில் காற்றுக் குழி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஈரச் சாக்கில் சுற்றி வைத்தேன். சில நாள் ஊறிய மண், அன்றன்று மிதித்த மண்ணைவிடத் தெளிவாக இழுபட்டது.

கீழடிக் கலங்கள் சக்கரத்தில் வனையப்பட்டவை. சக்கரத்தில் கை பழக ஆண்டுகள் வேண்டும் என்பதால் அந்த வழியை நான் எடுக்கவில்லை. சக்கரம் பானையைவிட மிகவும் இளையது. சீனாவின் சியான்ரன்டோங் குகையில் கிடைத்த ஓடுகள் ஏறத்தாழ 20,000 ஆண்டுப் பழமையானவை. மெசபடோமியாவில் குயவர் சக்கரம் புழக்கத்துக்கு வந்ததோ கி.மு. நான்காம் ஆயிரமாண்டில். இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளும் மனிதர்கள் பானையைக் கையால்தான் திரித்து, அடுக்கி, தட்டி எழுப்பியிருக்கிறார்கள். நானும் அவ்வாறே செய்தேன். பழைய எவர்சில்வர் கிண்ணத்தின் உட்புறம் சாம்பல் தூவி, அதற்குள் மண்ணைத் தட்டி அடிப்பகுதியை எடுத்தேன். அதன்மேல் விரல் தடிமனில் உருட்டிய மண் கயிறுகளை வட்டமாக அடுக்கி, உட்புறம் ஒரு கூழாங்கல்லை அணைகொடுத்து, வெளிப்புறம் மரப்பலகையால் தட்டினேன். சுவரின் தடிமனை அறிய ஊசியைக் குத்தி எடுத்து அளந்துகொண்டேன். 6 முதல் 7 மி.மீ. வரை வந்தது. 5 மி.மீ.க்குக் கீழே போனபோது கயிறுகள் ஒட்டிய இடம் பிளந்தது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் கலங்களின் விளிம்பு என்னுடையதைவிட மெல்லியதாகத் தெரிகிறது. அந்த மெல்லிய தன்மையைச் சக்கரம் தருகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

சிவப்புப் பூச்சுக்கு நாட்டு மருந்துக் கடைக் காவிக்கல்லைப் பயன்படுத்தினேன். 120 ரூபாய்க்கு வாங்கியதை அம்மியில் அரைத்து, சம அளவு மண்ணுடன் நீரில் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, மேலே தெளிந்த நீரை இறுத்துவிட்டுப் பாலேடு பதத்தில் எடுத்துக்கொண்டேன். கிண்ணம் பாதி காய்ந்து, நகம் பதியும் ஆனால் விரல் பதியாத பதத்தில் இருக்கும்போது இதைப் பூச வேண்டும். முழுதும் காய்ந்த கிண்ணத்தில் பூசியது பின்னர் பொருக்காக உதிர்ந்தது. பூச்சு ஈரம் இழந்ததும் வைகையில் பொறுக்கிய வழவழப்பான கல்லால் ஒரே திசையில் தேய்க்கத் தொடங்கினால், மங்கலான பரப்பு சிறிது சிறிதாக ஒளி பெறும். ஒரு கிண்ணத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. இந்த மெருகு அழகுக்கு மட்டுமன்று. தேய்க்காத பரப்பில் ஊற்றிய நீர் உடனே உறிஞ்சப்பட்டது. தேய்த்த பரப்பில் அது திரண்டு நின்று மெல்ல மெல்லவே இறங்கியது.

காய வைப்பதில் பெரியவர் சொன்ன ஒரு வழி எந்தக் கருவியையும்விடப் பயன்பட்டது. "டீச்சர், வெயில்ல தொட்டுப் பாத்து முடிவு பண்ணாதீங்க. நெழல்ல வச்சு, கன்னத்துல ஒத்திப் பாருங்க. சில்லுனு இருந்துச்சுன்னா உள்ள இன்னும் தண்ணி இருக்கு" என்றார். எடைத் தராசில் வைத்துச் சரிபார்த்தேன். கன்னத்தில் குளிர்ச்சி தெரிந்த கிண்ணங்கள் மறுநாள் சில கிராம் குறைந்தன. குளிர்ச்சி தெரியாதவை எடை மாறாமல் நின்றன.

இனிச் சூளை. வீட்டுக்குப் பின்னால் ஒரு மீட்டர் அகலத்தில் முழங்கால் ஆழக் குழி. வெப்பத்தை அளக்க, 1,300 டிகிரி வரை காட்டும் மீட்டர் 1,650 ரூபாய். தீக்குள் தாங்கும் உறையிட்ட அளவுகம்பி 850 ரூபாய். எரிபொருள் வறட்டி, வைக்கோல், சீமைக்கருவேல விறகு. இவற்றுக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை.

முதற் சூளையில் நிறத்தைப் பற்றிக் கவலைப்படாமல், தீ எப்படி ஏறுகிறது என்று மட்டும் பார்க்க நினைத்தேன். கிண்ணங்களை நிமிர்த்தி அடுக்கி, மேலே வைக்கோலும் விறகும் போட்டுக் கொளுத்தியதும் மீட்டர் 12 நிமிடங்களில் 600 டிகிரியைத் தொட்டது. அதற்கு முன்பே, 200 டிகிரியைத் தாண்டும்போதே, குழிக்குள் படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. கன்னத்துக்குக் குளிர்ச்சி தெரியாத கிண்ணத்திலும் மண் துகள்களுக்கு இடையே ஈரம் இருக்கிறது. அது வெளியேற நேரம் கொடுக்காமல் ஆவியாக்கினால், ஆவி சுவரை உரித்துக்கொண்டுதான் வெளியே வரும். ஆறியபின் எடுத்துப் பார்த்தபோது பல கிண்ணங்களின் வெளிப்புறம் காசு அளவுக்கு வட்ட வட்டமாகப் பெயர்ந்திருந்தது.

செக் நாட்டில் தோல்னி வெஸ்தோனிட்சே என்னும் இடத்தில் 25,000 ஆண்டுகளுக்கும் முந்தைய சுடுமண் உருவங்கள் கிடைத்திருக்கின்றன. அங்கே கிடைத்த துண்டுகளில் பல, தீயில் வெடித்துச் சிதறியவை. மண்ணைச் சுட்டால் கல்லாகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆயினும் அவர்கள் கலம் செய்யவில்லை. அதற்கும் முன்னே, தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் ஏறத்தாழ 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தீ எரிந்த தடயம் இருக்கிறது. தீயை வைத்துக்கொள்ளத் தெரிந்ததற்கும் அந்தத் தீயில் தண்ணீர் தாங்கும் கலத்தைச் சுட்டு எடுப்பதற்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியை வகுப்பில் ஒரு காலக்கோட்டில் எளிதாகக் கடந்துவிடுகிறோம். பெயர்ந்த ஓடுகளைக் குழியிலிருந்து பொறுக்கும்போதுதான் அந்த இடைவெளி ஏன் அவ்வளவு நீளமானது என்று எனக்குப் புரிந்தது. தீ மூட்டுவது அறிவின் முதற்படி மட்டுமே. அதை மெல்ல ஏற்றுவதும், வேண்டிய இடத்துக்குக் காற்றை விட்டு வேண்டாத இடத்தில் அடைப்பதும் வேறு அறிவு. நாகரிகத்தின் அடித்தளம் என்று நான் கருதுவது இந்த இரண்டாவது அறிவைத்தான்.

அடுத்த சூளையில் சூட்டை ஏற்றும் முறையை மாற்றினேன். குழியின் ஓரத்தில் மட்டும் வறட்டியைக் கனியவிட்டு, 100 முதல் 150 டிகிரிக்குள் இரண்டு மணி நேரம் நிறுத்தினேன். அதன் பிறகே விறகு வைத்தேன். ஒரு கிண்ணம்கூட வெடிக்கவில்லை. நிறம்தான் கைகூடவில்லை. கிண்ணங்களுக்குள் வைக்கோலைத் திணித்து, மணல் பரப்பின்மீது கவிழ்த்திருந்தேன். வைக்கோல் வெகுவிரைவில் எரிந்து ஒன்றுமில்லாமல் போய்விட்டது. மணலின் இடைவெளி வழியே காற்று உள்ளே புகுந்தது. வெளியே 710 டிகிரி காட்டியபோது உள்ளே 540தான். உட்புறம் சாம்பல் நிறமும் பழுப்பும் கலந்து திட்டுத் திட்டாக வந்தது.

அந்தச் சூளையில் பார்த்த ஒரு காட்சியை விரிவாகவே சொல்ல வேண்டும். மீட்டர் 450 டிகிரி காட்டும்போது, உட்புறம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று அறிய ஒரு கிண்ணத்தை இடுக்கியால் நிமிர்த்தினேன். உள்ளே நல்ல கருப்பு; மை பூசியது போலவே இருந்தது. காற்று பட்ட அந்தக் கணத்திலேயே விளிம்பில் சிறு சிறு பொறிகள் ஓடின. விளிம்பிலிருந்து நடுவை நோக்கிக் கருமை பின்வாங்க, அதன் பின்னாலேயே மங்கலான செம்மை பரவி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிண்ணத்தின் பாதி நிறம் மாறிவிட்டது. மண்ணின் நுண்துளைகளில் படிந்திருந்த கரி, அந்தச் சூட்டில் காற்று கிடைத்ததும் எரிந்துபோனதுதான் நடந்தது. மண்ணில் இருக்கும் இரும்புச் சத்து காற்று கிடைத்தால் சிவக்கும், கிடைக்காவிட்டால் கருக்கும் என்பதைப் படித்திருக்கிறேன். இப்போது அதைக் கண்ணால் பார்த்தேன். கருப்பை வரவழைப்பதைவிட, வந்த கருப்பை ஆறும்வரை காப்பதே கடினம் என்ற பாடம் இதிலிருந்துதான் கிடைத்தது.

வெற்றிகரமாக முடிந்த சூளையின் செய்முறை இது. குழியின் அடியில் சலித்த சாம்பல் இரண்டு பங்கு, உமி இரண்டு பங்கு, பொடித்த வறட்டி ஒரு பங்கு என்று கலந்து ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, கையால் அழுத்திக் கெட்டிப்படுத்தினேன். கிண்ணங்களுக்குள் உமியை நெருக்கமாக அமுக்கி நிரப்பினேன். இங்கே வைக்கோலுக்குப் பதில் உமி வந்ததுதான் முக்கியமான மாற்றம். உமி மெல்லக் கனிவது. எரிந்த பிறகும் அதன் சாம்பல் உருக்குலையாமல் அதே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பது. நிரப்பிய கிண்ணத்தின்மேல் ஒரு தட்டை வைத்துக் கவிழ்த்து, தட்டை உருவிவிட்டு, விளிம்பு 3 செ.மீ. ஆழத்துக்குப் புதையும்படி அந்தக் கலவைக்குள் அழுத்தினேன். கிண்ணத்துக்குக் கிண்ணம் நான்கு விரல் இடைவெளி. விறகு கிண்ணத்தின்மீது நேரடியாகப் படாதபடி, முன்பு உடைந்த ஓடுகளை நிறுத்திச் சிறு தடுப்பு கட்டினேன். காற்று நுழையக் குழியின் நான்கு புறமும் கையளவு வாய் விட்டேன்.

இரண்டு மணி நேரம் கனியவிட்ட பிறகு விறகு வைத்ததும், 300 டிகிரி அளவில் எல்லாக் கிண்ணங்களின் வெளிப்புறமும் புகையேறி முழுக் கருப்பாயின. அப்போது மனம் தளர வேண்டாம். 600ஐத் தாண்டியதும் அந்தப் புகைக்கரி தானாக எரிந்து விலகி, உள்ளிருந்து சிவப்பு வெளிப்பட்டது. அதிகபட்சம் 790 டிகிரி. ஏறத்தாழ 25 நிமிடம் அந்த அளவில் வைத்திருந்து, பிறகு விறகைச் சேர்க்காமல் விட்டுவிட்டேன். மேலே மண்ணோ வைக்கோலோ போட்டு மூடவில்லை. மூடினால் வெளிப்புறமும் கருத்துவிடும். இரவு முழுவதும் எதையும் தொடவில்லை. காலையில் மீட்டர் 60 டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் எடுத்தேன்.

ஒன்பது கிண்ணங்களில் ஆறு நான் எதிர்பார்த்தபடியே வந்தன. இரண்டில், விறகுக் கரி சரிந்து ஒட்டிய இடத்தில் கருந்திட்டு விழுந்துவிட்டது. ஒன்றின் விளிம்பில் விரிசல். நன்றாக அமைந்தவற்றின் வெளிப்புறத்தில், வாயை ஒட்டி, ஏறத்தாழ 3 செ.மீ. அகலத்துக்குக் கருப்புப் பட்டை ஓடுகிறது. அது புதைத்த ஆழத்தின் அளவேதான். கருப்பும் சிவப்பும் சேரும் இடம் கோடு கிழித்தாற்போல இல்லாமல், ஒரு விரல் அகலத்துக்குத் தவிட்டு நிறத்தில் கரைந்து மாறுகிறது. அருங்காட்சியகக் கலங்களில் நான் பார்த்த விளிம்புப் பட்டையும் இதே இயல்பு உடையதுதான். விரிசல் விட்டதை உடைத்துப் பார்த்ததில், 6 மி.மீ. சுவரில் வெளிப்பக்கம் 2 மி.மீ. சிவப்பு, மீதி உட்பக்கம் முழுவதும் கருப்பு.

ஆனாலும், "அக்காலத்தவர் இப்படித்தான் செய்தார்கள்" என்று என் சூளையை வைத்துச் சொல்லிவிட முடியாது. முதலில் முழுக்கச் சிவப்பாகச் சுட்டு, பிறகு இரண்டாவது முறை புகையேற்றிக் கருக்கியிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அதையும் சோதிக்க, முதற் சூளையில் தப்பிய ஒரு சிவப்புக் கிண்ணத்தில் உமி நிரப்பி, கவிழ்த்து, மறுபடி சுட்டேன். அதுவும் உள்ளே கருத்து, வெளியே சிவந்தே வந்தது. இரண்டு வழியும் ஒரே நிறத்தில் முடிகின்றன. எரிபொருள் செலவை நினைத்தால், தினமும் இதே தொழிலாக இருந்தவர்கள் ஒரே சூட்டில் முடிப்பதையே விரும்பியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

எரிபொருள் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. இந்த ஒன்பது கிண்ணத்துக்கு 25 கிலோ விறகும் 40 வறட்டியும் போயின. குழியின் சூட்டில் பெரும்பகுதி வானத்துக்கே சென்றது. வீட்டுக்கு வீடு இப்படிச் சுட்டுக்கொள்வது யாருக்கும் கட்டுபடியாகாது. நூறு பானையை ஒரே சூளையில் அடுக்குபவர் ஒருவர் ஊரில் இருந்தால்தான் கணக்கு நேராகும். அவர் பானை மட்டுமே செய்து வாழ வேண்டுமானால், வயலில் விளைந்த நெல் அவருக்கு வந்து சேர வேண்டும். கீழடியில் ஓடுகள் பெருங்குவியலாகக் கிடைத்ததை, அங்கே பானைத் தொழில் நடந்ததற்கான சான்றாக அரசு அறிக்கை கருதுகிறது. அந்தக் குவியலைப் படத்தில் பார்க்கும்போது இப்போது எனக்குத் தோன்றுவது, அதற்குப் பின்னால் எத்தனை வண்டி விறகு வந்திருக்கும், அதை வெட்டியவர்கள் யார், அவர்களுக்குச் சோறு போட்டது யார் என்பதுதான்.

நெல் என்றதும் பழனிக்கு அருகிலுள்ள பொருந்தல் நினைவுக்கு வருகிறது. பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், அங்கே ஒரு ஈமக்குழியில் நான்கு கால் கொண்ட சாடிக்குள் ஏறத்தாழ 2 கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. பானை இல்லாமலும் வேளாண்மை தொடங்கிய இடங்கள் உண்டு. மேற்கு ஆசியாவில் விதைப்பு முந்தியது, பானை பிந்தியது. சீனத்திலோ வேட்டையாடித் திரிந்தவர்களே பானை செய்தார்கள், விதைப்பு பிந்தியது. எது முந்தினாலும், எலியும் ஈரமும் அண்டாமல் விளைச்சலை அடுத்த பருவம் வரை வைத்திருக்கவும், கடினமான தானியத்தை நீரில் வேகவைத்துக் குழந்தைக்கும் முதியவருக்கும் ஊட்டவும் கலம் தேவைப்பட்டது. என் கிண்ணத்தில் ஒரு கை அரிசியைப் போட்டு, கரி அடுப்பில் வைத்தேன். சுவரில் முதலில் நீர் கசிந்தது. கஞ்சி கொதித்த பிறகு கசிவு நின்றுவிட்டது. கஞ்சியின் பசை துளைகளை அடைத்துக்கொண்டது. புதுப்பானையில் முதலில் கஞ்சி காய்ச்சும் வழக்கத்துக்கு இதைவிட நேரான விளக்கம் வேண்டியதில்லை. கஞ்சி காய்ச்சாத வேறொரு கிண்ணத்தை ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவைத்து எடை போட்டபோது 612 கிராம் 698 ஆயிற்று. அதாவது, தன் எடையில் 14 விழுக்காடு நீரைக் குடித்திருந்தது.

எழுத்தையும் முயன்று பார்த்தேன். 2019 அறிக்கையின்படி, கீழடியில் மாநிலத் தொல்லியல் துறை எடுத்தவற்றுள் மட்டும் 56 ஓடுகளில் தமிழி என்னும் பண்டைத் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. குவிரன், ஆதன் போன்ற பெயர்கள் பானையின் தோள்பகுதியில் கீறப்பட்டுள்ளன. கருந்திட்டு விழுந்த கிண்ணங்களில் ஒன்றை எடுத்து, சுட்ட பரப்பில் மூன்று பொருள்களால் கீறினேன். செம்புக் கம்பி நிறத்தைத் தேய்த்ததே தவிர, மண்ணில் இறங்கவில்லை. இரும்பு ஆணி தெளிவாக வெட்டியது. உடைத்த வெண்கல்லின் கூர்முனையும் ஏறக்குறைய அதே அளவுக்கு வெட்டியது. அதனால் இரும்பைக் கொண்டுதான் எழுதினார்கள் என்று இதிலிருந்து முடிவு கட்ட இயலாது. ஆனால், வளைவு எழுத்துகளைவிட நேர்க்கோட்டு எழுத்துகள் ஆணிக்கு எவ்வளவு இணங்கி வருகின்றன என்பதைக் கையே சொல்லிவிட்டது. தமிழியில் "ஆதன்" என்று எழுதியபோது ஆணி தடுக்கவே இல்லை. இன்றைய எழுத்தில் அதே பெயரை எழுதியபோது ஒவ்வொரு சுழியிலும் ஆணி வழுக்கித் திசை மாறியது.

இரும்பு வரை எப்படிப் போனார்கள் என்பதற்கும் இதே குழியில் ஒரு சிறு விடை கிடைத்தது. கொல்லுப்பட்டறை நடத்தும் தெரிந்தவர் ஒருவர் கையால் சுற்றும் ஊதுவிசிறியைக் கடனாகத் தந்தார். விரிந்த குழியில் 790ஐத் தாண்டாமல் நின்ற தீ, செங்கல்லால் சுருக்கிய சிறு உலையில் கருவேலங்கரியைப் போட்டு ஊதியதும் 10 நிமிடங்களில் 1,050 டிகிரியைத் தாண்டியது. செம்பு உருகுவது 1,085இல். இரும்பை அதன் கல்லிலிருந்து பிரிக்க ஏறத்தாழ 1,200 வேண்டும். அளவுகம்பி கெட்டுவிடும் என்று அத்துடன் நிறுத்திக்கொண்டேன். விறகு அதேதான், மண் அதேதான். மாறியது காற்று மட்டுமே. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை பின்செல்வதாகத் தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அந்த இரும்பை எடுத்த கைகள், சூளையில் காற்றைத் திறந்தும் அடைத்தும் பழகிய கைகளிடமிருந்து கற்றிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

செலவு: மீட்டரும் அளவுகம்பியும் 2,500. மண் 300. காவிக்கல் 120. வறட்டி 480, விறகு 560, அரிசி ஆலையில் இரண்டு மூட்டை உமி 120, ஒரு கட்டு வைக்கோல் 250. பெரியவர் நேரில் வந்து பார்த்துத் திருத்திக் கொடுத்ததற்கு 2,000. வாங்க மாட்டேன் என்றவரிடம் வற்புறுத்திக் கொடுத்தேன். மொத்தம் 6,330 ரூபாய். மீட்டர் வாங்காமலும் செய்யலாம். தீயின் நிறம் கருஞ்சிவப்பிலிருந்து பழச் சிவப்புக்கு மாறுவதைப் பார்த்தே சூடு போதும் என்று பெரியவர் சொல்லிவிடுகிறார். அப்போது மீட்டர் 750ஐ ஒட்டியே காட்டியது. உமிப் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் என்பதால் வீட்டுக்குக் காற்று வீசாத திசையில் குழி வெட்டுவதும், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துவதும் கட்டாயம்.

அடுத்த முறை மாற்றப்போகிறவை சில. குழிக்குப் பதிலாக இடுப்பளவு உயரத்தில் வட்டச் சுவர் எழுப்பினால் விறகு பாதியாகக் குறையும் என்று நினைக்கிறேன். ஓட்டுத் தடுப்பை இன்னும் நெருக்கமாக நிறுத்தினால் கருந்திட்டு விழாது. புதைக்கும் ஆழத்தைக் கிண்ணத்துக்குக் கிண்ணம் 2, 4, 6 செ.மீ. என்று மாற்றி, கருப்புப் பட்டையின் அகலம் அதே அளவில் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றுக்குப் பிறகு உறைகிணற்று வளையம். 60 செ.மீ. அகலமுள்ள ஒரு வளையத்துக்கு என் கணக்குப்படி 35 கிலோ மண்ணாவது வேண்டும். அதற்கு மணலுடன் உமியையும் கலந்து பிசையச் சொல்லியிருக்கிறார் பெரியவர். அந்தக் கலவையில் கோடு கீறிய பட்டைகள் இப்போது நிழலில் காய்ந்துகொண்டிருக்கின்றன. சுருக்க அளவு தெரிந்ததும் வளையத்தைத் தொடங்குவேன்.